காரை ஃபீல்டு கேம்ப்: முதல்முறை போகும் பிள்ளைகளுக்கு

பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் நடக்கும் ஜியாலஜி கேம்ப் இது. மே மாதம் என்றால் அங்கே வேலை காலை 6 முதல் 10.30 வரைதான். ஒதுங்க நிழல் கிடையாது. தரையில் கிடக்கும் ஜிப்சம் கண்ணைக் கூச வைக்கும். ஆளுக்கு 4 லிட்டர் தண்ணீர், இரண்டு ஓஆர்எஸ் பாக்கெட். மேப்புக்கு மை போடுவது, நோட்டைச் சரி பார்ப்பதெல்லாம் மதியத்துக்கு.

*

கல்லைச் சோதிக்கும் ஆசிட்டை லேபிலேயே கலந்து எடுத்துப் போங்கள். மூன்று பங்கு தண்ணீரில் ஒரு பங்கு அடர் ஹைட்ரோகுளோரிக். தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்றணும், மாற்றி ஊற்றினால் தெறிக்கும். பிளாஸ்டிக் சொட்டு பாட்டில் போதும். காம்பஸ் இருக்கும் பையில் வைக்காதீர்கள், ஆவியே துருப்பிடிக்க வைத்துவிடும்.

ஆசிட் பட்டுப் பொங்கினதும் சுண்ணாம்புக்கல் என்று எழுதிவிடுவதுதான் அங்கே அதிகம் நடக்கும் தப்பு. வெயில் நாட்டில் மணற்கல்லின் மேலும் சுக்கான் (சுண்ணாம்புப் படிவு) படிந்திருக்கும். பொங்குவது அந்தப் படிவு. சுத்தியலால் ஒரு சில்லு பெயர்த்து, உள்முகத்தில் சொட்டுங்கள்.

*

நார் ஜிப்சத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாதது பெலம்னைட், கணவாய் மாதிரியான பழைய கடல் உயிரின் புதைபடிவம். விரல் மாதிரி உருண்டையாக, தேன் நிறத்தில் துண்டு துண்டாகக் கிடக்கும். உடைந்த முகத்தை லென்ஸில் பார்த்தால் நடுவிலிருந்து சுற்றிலும் கதிர் விரியும். ஆசிட் பட்டால் பொங்கும். நார் ஜிப்சத்தில் இழைகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும், நகத்தால் கீறலாம், பொங்காது.

ஓடைக்குள் பொறுக்கிய அம்மோனைட் (சுருள் ஓட்டுப் புதைபடிவம்) மேலே எந்தப் படுகையிலிருந்து, அதாவது எந்தப் பாறை அடுக்கிலிருந்து, உருண்டு வந்ததோ! நோட்டில் ‘உதிரி’ என்று தனியாகக் குறியுங்கள். அதை வைத்து வயது சொல்ல வேண்டாம்.

*

டிப், அதாவது படுகையின் சாய்வு, அளப்பதற்கும் அதே விதிதான்: இடம் மாறி வந்ததை நம்பக் கூடாது. சரிந்து இறங்கிய பாறைக் கட்டியில் அளந்தால் சாய்வு 40 டிகிரி என்றுகூடக் காட்டும். அங்கே படுகைகள் பெரும்பாலும் கிழக்கு, தென்கிழக்குப் பக்கம் லேசாகத்தான் சாய்கின்றன. சாய்வு குறைவாக இருக்கும்போது ஸ்ட்ரைக் (படுகை முகத்தில் கிடைக்கோடு ஓடும் திசை) எடுப்பதுதான் தொல்லை. படுகை முகத்தில் நோட்டு அட்டையை வைத்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். ஓடும் திசைதான் டிப் திசை, அதற்குச் செங்குத்து ஸ்ட்ரைக். சுத்தியலும் போனும் காம்பஸுக்கு ஒரு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

*

பழைய டோபோஷீட் (நில வரைபடம்) எவரெஸ்ட் டேட்டத்தில் இருக்கும், ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84-இல் காட்டும்; இரண்டும் இடத்தைக் கணக்கிடும் வெவ்வேறு அடிப்படைகள். மாற்றாமல் குறித்தால் இடம் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போகும். 1:50,000-இல் அது 2 மில்லிமீட்டருக்கும் கூடுதல். பாறை எல்லை ஓடைக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

*

சாம்பிள் எண்ணைக் கல்லிலேயே மார்க்கரால் எழுதுங்கள், துணிப்பையிலும் எழுதுங்கள். காகிதச் சீட்டு மட்டும் போட்டால் ஈரத்தில் கூழாகும். களிமண்ணில் இருக்கும் சிப்பியைச் சுத்தியலால் தட்டாமல், சுற்றி மண்ணோடு கத்தியால் வெட்டியெடுத்து நியூஸ்பேப்பரில் சுற்றணும். சாத்தனூர் கல்மரத்தில் மட்டும் சுத்தியலுக்கு வேலையே இல்லை: 18 மீட்டர் மரம், ஜிஎஸ்ஐ (இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை) பாதுகாப்பில் இருக்கிறது. டேப் பிடித்து அளந்து, வரைந்துகொண்டு வாருங்கள்.