ஜப்பானிய பேஸ்பால் வீரர் இச்சிரோ சுசுகியை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்: மனத்தை விட்டு அகலாத ஒரு காட்சி

மழைநகரத்தான்:

2012 ஜூலை 23 அன்று மாலை சியாட்டிலில் நான் அந்த அரங்கில்தான் இருந்தேன். இன்று டி-மொபைல் பார்க் எனப்படுவதற்கு அப்போது சேஃப்கோ ஃபீல்டு என்று பெயர். பதினொன்றரை ஆண்டுகள் சியாட்டிலின் மரைனர்ஸ் அணியின் வலது வெளிக்களத்தைக் காத்த இச்சிரோ, ஆட்டம் தொடங்கச் சில மணி நேரமே இருந்தபோது எதிரணியான நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு மாற்றப்பட்டார் என்பதும், எதிரணியின் சாம்பல் நிறச் சட்டையில், 51க்குப் பதிலாக 31 என்ற எண்ணுடன் அதே புல்தரையில் நடந்து வந்தார் என்பதும் இங்குள்ள எல்லாருக்கும் தெரியும். மூன்றாவது இன்னிங்ஸில் அவர் மட்டையுடன் வந்தபோது அரங்கம் முழுவதும் எழுந்து நின்றது. அவர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் குனிந்து வணங்கினார்.

நான் எழுந்திருக்கவில்லை. இடமாற்றத்தை அவரே கேட்டுப் பெற்றார் என்ற செய்தியை அலுவலகத்தில் படித்துவிட்டு வந்திருந்தேன், கோபம் அடங்கவில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த ஜப்பானிய மூதாட்டி ஒருவர், கைதட்டுவதை ஒரு கணம் நிறுத்திவிட்டு, உட்கார்ந்திருந்த என்னைக் குனிந்து பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் மறுபடியும் களத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். அடுத்த சில நொடிகளில் இச்சிரோ ஒரு ஹிட் (ஆட்டமிழக்காமல் பேஸ் என்னும் நிலையை ஓடிச் சேரவைக்கும் அடி) அடித்து முதல் பேஸை அடைந்ததும், அங்கிருந்து இரண்டாவது பேஸைத் திருடியதும், அதாவது அடுத்த அடிக்குக் காத்திராமல் ஓடிச் சேர்ந்ததும், எனக்குப் பாதிதான் நினைவிருக்கிறது. அந்த அம்மையாரின் பார்வை மட்டும் முழுதாக நினைவிருக்கிறது.

கோலிசியத்துக்காரன்:

என்னுடையது அதற்கு முந்தைய கதை. 2001 ஏப்ரல் 11, ஓக்லாந்து. அமெரிக்காவுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. டாட்காம் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகச் சரிந்துகொண்டிருந்த அந்த நாள்களில், கையில் வேலை இல்லாத என்னை அறைநண்பர் ஒருவர் வெளிக்களத்துக்குப் பின்னால் உள்ள மலிவான இருக்கைக்கு அழைத்துச் சென்றார். கிரிக்கெட் அன்றி வேறொன்றும் அறியாதவன் நான்.

எட்டாவது இன்னிங்ஸில் ரமோன் ஹெர்னாண்டஸ் வலதுபுறம் ஒரு பந்தை அடிக்க, முதல் பேஸில் நின்ற டெரன்ஸ் லாங் இரண்டாவதைக் கடந்து மூன்றாவதை நோக்கி ஓடினார். அவர் வேகமாக ஓடுபவர். எவரும் அந்த ஓட்டத்தைத் தவறு என்று சொல்லமாட்டார்கள். இச்சிரோ பந்தை எடுத்து எறிந்தார். மேலே வளைந்து இறங்கும் எறிதலாக அது இல்லை. கயிறு கட்டி இழுத்ததுபோல் ஒரே மட்டத்தில் சென்று மூன்றாவது பேஸில் காத்திருந்த டேவிட் பெல்லின் கையுறைக்குள் விழுந்தது. லாங் வழுக்கி வந்து பந்தின் மேலேயே மோதி ஆட்டமிழந்தார் என்றுதான் சொல்லவேண்டும். பிற்பாடு இந்த ஆட்டத்தை விரும்புகிறவர்கள் ‘அந்த எறிதல்’ என்று மட்டும் சொன்னாலே போதும் என்ற நிலை வந்தது.

ஆனால் என்னை உறுத்துவது எறிதல் அன்று. அதற்கு முன், எங்களுக்கு இரண்டு வரிசை முன்னால் இருந்தவர்கள் இச்சிரோவின்மேல் நாணயங்களையும் பனிக்கட்டித் துண்டுகளையும் வீசிக்கொண்டிருந்தார்கள். அவருடைய இனத்தைச் சொல்லியும் கத்தினார்கள். அவர் திரும்பிப் பார்க்காமல் காலை நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். விசாவும் வேலையும் ஊசலாடிக்கொண்டிருந்த நான், வாயைத் திறக்காமல் வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தேன். எறிதலுக்குப் பிறகு அவர்களும் எழுந்து கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கணக்குப்பிள்ளை:

மழைநகரத்தான் அவர்களே, உங்கள் வருத்தம் சற்று மிகை என்று கருதுகிறேன். 38 வயதான ஒரு வீரர், தோற்றுக்கொண்டே இருந்த அணியிலிருந்து வெல்லக்கூடிய அணிக்குப் போக விரும்பியதில் துரோகம் எங்கே இருக்கிறது? 2001இல் 116 ஆட்டங்களை வென்ற மரைனர்ஸ், அதன்பின் அவர் அங்கிருந்த காலத்தில் ஒருமுறைகூடப் பட்டத்துக்கான பிந்தைய சுற்றுக்குப் போகவில்லை. 2004இல் அவர் 262 ஹிட்கள் அடித்து, ஒரே பருவத்தில் அதிக ஹிட்கள் என 1920 முதல் நிலைத்திருந்த ஜார்ஜ் சிஸ்லரின் 257 என்ற சாதனையைத் தகர்த்த ஆண்டில், அணி தன் பிரிவில் கடைசி இடத்தில் கிடந்தது. கோபப்பட வேண்டியவர் அவர்தான்.

அதேபோல், அவரை, அமெரிக்காவில் மிக அதிக ஹிட்கள் அடித்த பீட் ரோஸுக்கு மேலே வைப்பவர்களுடனும் எனக்கு உடன்பாடில்லை. ஜப்பானில் அடித்த 1278ஐயும் அமெரிக்காவில் அடித்ததையும் கூட்டி ரோஸின் 4256 உடன் ஒப்பிடுவது இரு வேறு அளவுகோல்களை ஒன்றாக ஒட்டுவதாகும். அமெரிக்காவில் மட்டும் 3089 ஹிட்கள் அடித்தார், அதுவும் 27 வயதில் தொடங்கி. அந்த எண்ணுக்கு வேறு ஒட்டுப்போடத் தேவையில்லை.

இவ்வளவு பேசும் நான் 2016 ஜூன் 15 அன்று சான் டியாகோவில் இருந்தேன். மயாமி மார்லின்ஸ் அணிக்காக முதல் இன்னிங்ஸிலேயே, பந்து கேட்சருக்கு (அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) முன்னால் சில அடி தூரம் உருண்டதில், அவர் ஓடிச் சேர்ந்து இரு நாட்டுக் கணக்கையும் கூட்டி 4256ஐ எட்டினார். அடுத்தது இன்று வராது என்று நானே முடிவுகட்டி, போக்குவரத்து நெரிசலுக்கு அஞ்சி, எட்டாவது இன்னிங்ஸில் வெளியேறிவிட்டேன். ஒன்பதாவதில் வலதுபுற எல்லைக்கோட்டை ஒட்டி அவர் இரண்டு பேஸ் ஹிட் அடித்ததைக் கார் வானொலியில் கேட்டேன். அந்தக் கணக்கே செல்லாது என்று இன்றுவரை வாதிடுவதற்கு அது ஒரு காரணமோ என்று என் மனைவி கேட்பதுண்டு.

தோக்கியோ வாசகி:

கணக்குப்பிள்ளை ஐயா, இரு அளவுகோல்கள் என்று சொல்வதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். 1994இல் கோபே நகரின் ஓரிக்ஸ் அணிக்காக அவர் 210 ஹிட்கள் அடித்தபோது ஜப்பானில் ஒரு பருவத்துக்கு 130 ஆட்டங்கள்தாம், அமெரிக்காவில் 162. குறைந்த ஆட்டங்களில் அடித்தவற்றை மட்டமானவை என்று தள்ளுவது எந்த வகைக் கணக்கு? அங்கு அவர் தொடர்ந்து ஏழு முறை, மிக உயர்ந்த அடிச் சராசரிக்கான பேட்டிங் பட்டம் வென்றார். 1995 ஜனவரியில் கோபே நிலநடுக்கம் நிகழ்ந்த ஆண்டில், சட்டைக் கையில் ‘கான்பரோ கோபே’ (தளராதே கோபே) என்று தைத்துக்கொண்டு அந்த அணி லீக் பட்டத்தை வென்றதைப் பற்றி, என்னோடு பணியாற்றிய கோபேக்காரர்கள் குரல் தழுதழுக்காமல் பேசி நான் கேட்டதில்லை.

நான் பார்த்தது மரைனர்ஸுக்கே திரும்பியிருந்த அவருடைய கடைசி ஆட்டம், 2019 மார்ச் 21, தோக்கியோ டோம். அங்கு ஆடிய இரண்டு ஆட்டங்களிலும் அவருக்கு ஒரு ஹிட்கூட இல்லை. எட்டாவது இன்னிங்ஸில் அவர் கடைசியாக அடித்த பந்து ஷார்ட்ஸ்டாப்பிடம் (இரண்டாவது, மூன்றாவது பேஸ்களுக்கு இடையில் நிற்பவர்) உருண்டது. 45 வயதில் அவர் முதல் பேஸை நோக்கி ஓடினார், பாருங்கள்! பத்து ஆண்டுகளுக்கு முன் என்றால் அது ஹிட். அன்று ஒரே ஒரு காலடி தாமதமாகிவிட்டது. அரங்கில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்துக்கொண்ட ஒலி, நடுவர் கையை உயர்த்தியதும் ஒரு பெருமூச்சாக மாறியது. பிறகு அவரைக் களத்திலிருந்து திரும்ப அழைத்தபோது அதே அணியின் ஜப்பானியப் பந்துவீச்சாளர் கிக்குச்சி அழுததை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். எனக்கு அந்த ஒரு காலடிதான் மறக்கவில்லை. ஆட்டம் 12 இன்னிங்ஸ் நீண்டு முடிந்த பிறகும் கூட்டம் கலையவில்லை. அவர் மறுபடியும் வெளியே வந்து களத்தைச் சுற்றி நடந்தார். கடைசி ரயிலைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை, இந்த ஊரில் அது சாதாரணமன்று.

பாத்தெல் அப்பா:

எல்லாரும் பெரிய நாள்களைப் பற்றி எழுதுகிறீர்கள். நான் அவரைப் பார்த்தது ஆட்டத்துக்கு முந்தைய பயிற்சியில்தான். வரிசையாகப் பந்துகளை வேலிக்கு அப்பால் அடித்துத் தள்ளினார். ஆட்டத்தில் ஏன் அப்படி அடிக்கவில்லை என்று என் மகன் கேட்டான், எனக்குப் பதில் தெரியவில்லை. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் குழந்தைகளைச் சிறுவர் பேஸ்பாலான லிட்டில் லீகில் சேர்த்திருப்பவர்கள் சிலவற்றைக் கவனத்தில் கொள்ளவேண்டும். முதலாவதாக, இச்சிரோ வலக்கைப் பழக்கம் உள்ளவர், வலக்கையால்தான் எறிவார். இடப்புறம் நின்று அடித்தால் முதல் பேஸ் இரண்டொரு காலடி நெருக்கமாகும் என்பதால் அவருடைய தந்தை சிறு வயதிலேயே அவரை அப்படிப் பழக்கினார். ஆகவே உங்கள் பிள்ளைகளையும் சிறு வயதிலேயே இடப்புறம் நிற்கவைத்துப் பாருங்கள். இரண்டாவதாக, வெளிக்களத்தில் நிற்கும் பிள்ளை பந்து வந்த பிறகு எங்கே எறிவது என்று யோசிக்கக்கூடாது. ஓக்லாந்து நண்பர் சொன்ன எறிதலின் இரகசியம் தோள் வலிமை மட்டுமன்று, பந்தை எடுக்கும்போதே கால்கள் எறிவதற்குத் தயாராக இருந்ததுதான். மூன்றாவதாக, கையுறையை மழையில் போட்டுவிட்டு வராதீர்கள். அவர் தம் கையுறையைத் தாமே துடைத்துப் பராமரித்தவர். மட்டைகளை ஈரம் படாத பெட்டியில் வைத்துக் கொண்டுபோனவர். என் மகன் தன் கையுறையைக் காரின் டிக்கியிலேயே விட்டுவிட்டு வருவான், எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. நான்காவதாக, உடலை நீட்டி மடக்கும் பயிற்சி. ஆட்டத்தின் நடுவிலும் அவர் அதை விடமாட்டார் என்பதை மேலே ஒருவரும் எழுதியிருக்கிறார்.

கோலிசியத்துக்காரன்:

பாத்தெல் நண்பரே, நான் எழுதியது எறிதலின் நுட்பத்தைப் பற்றி அன்று.

மழைநகரத்தான்:

கணக்குப்பிள்ளை அவர்களுக்கு: கோபப்பட வேண்டியவர் அவர்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2025இல் 394 வாக்குகளில் 393 பெற்று அவர், பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வானபோது, வாக்களிக்காத அந்த ஒருவர் யார் என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு அந்த மனிதர்மேல் கொஞ்சம் பரிவுகூட ஏற்பட்டது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 9 அன்று, 51ஆம் எண்ணை இனி யாருக்கும் தரப்போவதில்லை என்று அறிவித்த விழாவுக்குச் சென்றிருந்தேன். பழைய பகுதியிலேயே இருக்கை வாங்கினேன். அந்த மூதாட்டி இருந்த இடத்தில், இச்சிரோ முதன்முதலாக இங்கு ஆடிய ஆண்டில் பிறந்தே இருக்காத ஒரு மாணவன் 51 எண் போட்ட சட்டையுடன் உட்கார்ந்திருந்தான். விழா தொடங்கியதும் எல்லாரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். அந்தப் பையன் கைப்பேசியில் ஏதோ எழுதிக்கொண்டிருந்ததால் கொஞ்சம் தாமதமாக எழுந்தான். நான் அவனைக் குனிந்து பார்க்கவில்லை.