“சைபர் தயார்நிலை” படிவம் வந்திருக்கிறது, எல்லாவற்றுக்கும் ஆம் போடலாமா?

கோப்புக்கட்டு: இயக்குநரகத்திலிருந்து படிவம். மாவட்ட அலுவலகம் இணையப் பாதுகாப்புக்குத் தயார் என்று பூர்த்தி செய்து, அதிகாரி கையெழுத்தோடு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டுமாம். எங்களிடம் பாதி கணினி விண்டோஸ் 7. அதிகாரியின் டிஎஸ்சி டோக்கன் (டிஜிட்டல் கையெழுத்துப் போடும் யுஎஸ்பி) எந்நேரமும் ஆபரேட்டர் மேசையில், பின் நம்பர் மானிட்டர் ஓரத்தில். “ஆம் போட்டு அனுப்புப்பா” என்கிறார் கண்காணிப்பாளர். என்ன செய்ய?

தென்றல்77: நல்ல ஆன்டிவைரஸ் வாங்கச் சொல்லுங்க. நிதி இல்லைன்னு பதில் வரும், அதையும் கோப்பில் வைங்க.

பழைய_சர்வர்: தம்பி, அரசுக் கணினிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். விண்டோஸ் 7-ஐ மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கைகழுவிவிட்டது. ஆனால் பழையதைக் கழிக்க ஒரு கோப்பு, புதியது வாங்க இன்னொரு கோப்பு. அது உங்கள் கையில் இல்லை, விடுங்கள்.

டோக்கனுக்கு வருவோம். அதிகாரி காலையில் கள ஆய்வு, மதியம் ஆட்சியர் அலுவலகத்தில் கூட்டம். பில் மட்டும் மாலைக்குள் போயாக வேண்டும். டோக்கன் ஆபரேட்டரிடம் இல்லாமல் எங்கே இருக்கும்? சுற்றறிக்கை விட்டால் அந்தச் சீட்டு மானிட்டரிலிருந்து டிராயருக்குள் போகும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் விடப் பெரிய தடை 17(பி) மெமோ, அதாவது ஒழுங்கு நடவடிக்கைக்கான குற்றச்சாட்டுக் குறிப்பாணை. அதற்குப் பயந்தே யாரும் வாய் திறப்பதில்லை. ஓர் அலுவலகத்தில் காலையில் கணினியைப் போட்டால் ஒரு எக்செல் ஃபைலும் திறக்கவில்லை, திரையில் பணம் கேட்டு ஒரு கடிதம். ஒப்பந்த ஆபரேட்டர் மூச்சு விடவில்லை. கடைக்காரப் பையனைக் கூப்பிட்டு ஃபார்மட் அடித்துவிட்டார். இரண்டு நாளில் பக்கத்துப் பிரிவிலும் அதே கதை. நாங்கள் போனபோது பார்க்க ஒன்றும் மிச்சமில்லை, எந்த வழியாக வந்தது என்றே தெரியவில்லை. “சொன்னா வேலை போயிடும் சார்” என்றார். நிரந்தர ஊழியருக்கு மெமோ, இவருக்கு நேரே வீடு.

2022 ஏப்ரலில் சர்ட்-இன் (மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவுப்படி, தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்தில் தகவல் போக வேண்டும். லாக், அதாவது கணினியில் நடந்ததெல்லாம் பதிவாகும் கோப்பு, 180 நாள் இருக்க வேண்டும். பயந்த ஆள் முதலில் அழிப்பதே அந்த லாகைத்தான். அதே ஆண்டு நவம்பரில் டெல்லி எய்ம்ஸில் ஐந்து சர்வர்கள் மாட்டின, சுமார் 1.3 டெராபைட் தரவு முடங்கியது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததுதான் காரணம் என்று நாடாளுமன்றத்திலேயே சொன்னார்கள். இ-ஹாஸ்பிடல் தரவை மீட்டது, தாக்குதலில் சிக்காத ஒரு பேக்கப் சர்வரிலிருந்து. உங்கள் பேக்கப் எங்கே இருக்கிறது? அதே கணினியின் டி டிரைவில் என்றால் அது பேக்கப்பே இல்லை.

படிவத்தில் இல்லாததற்கு “இல்லை” என்றே எழுதி, குறிப்புக் கோப்பில் அதிகாரியிடம் கையெழுத்து வாங்குங்கள். பொய்யாக ஆம் போட்டால், ஏதாவது ஆனதும் அந்தத் தாள் உங்களைத் தேடித்தான் வரும்.

தென்றல்77: ஐயா சொன்ன டி டிரைவ் எங்க ஆபீஸேதான் 😅

கோப்புக்கட்டு: நன்றி ஐயா. ஏதாவது நடந்தால் நாங்களே சர்ட்-இன்னுக்குச் சொல்லலாமா?

பழைய_சர்வர்: 1800-11-4949, கட்டணம் இல்லை. முதலில் நெட்வொர்க் வயரைப் பிடுங்குங்கள், ஃபார்மட் மட்டும் அடிக்காதீர்கள். அப்புறம், துறையின் தகவல் பாதுகாப்பு அலுவலர் யார் என்று இப்போதே கேட்டு வையுங்கள். யாருக்கும் தெரியாவிட்டால் படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். அதைப் பார்த்தாவது ஒருவரைப் போடுவார்கள்.