பக்திப் பாட்டு ஆளை மாற்றுமா? பார்த்தவர்கள் சொல்லுங்கள்

காரிமங்கலம் பக்கத்திலிருந்து:

போன மார்கழியில் எங்கள் ஊர் சிவன் கோயிலில் திருவாசகம் முழுவதையும் பாடும் முற்றோதல் நடந்தது. 51 பகுதி, 658 பாட்டு. காலையில் சிவபுராணத்தில் ஆரம்பித்தால் முடிய பொழுது சாய்ந்துவிடும். பெரியப்பா வந்தது மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் (அவரே மறுக்க மாட்டார்). அவருக்கும் அப்பாவுக்கும் பங்குக் கிணற்றுத் தகராறில் பல வருடமாகப் பேச்சில்லை. ஆயா (அவர்கள் இருவரையும் பெற்றவள்) கடைசிக் காலத்தில் எங்கள் வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடந்தபோதுகூட அவர் எட்டிப் பார்க்கவில்லை.

பிடித்தபத்து என்ற பகுதி வந்தது. "பால்நினைந் தூட்டும் தாயினுஞ் சாலப் பரிந்துநீ பாவியே னுடைய ஊனினை உருக்கி" என்று அடியார் ஒருவர் எடுத்துக்கொடுக்க, எல்லோரும் திருப்பிப் பாடினோம். பெரியப்பா பாடவில்லை. தோள் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

அப்புறம் அண்ணன் தம்பி கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இன்றும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் அந்த வாரம் எங்கள் முறை வந்தபோது நான் போய்ப் பார்த்தால், மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தக்காளிக்கு அவரே மடை திருப்பிவிட்டிருந்தார்.

கிருஷ்ணகிரியிலிருந்து:

எங்கள் வீட்டில் பேசுவது உருது. என் தாதாவுக்கு (தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) பாரசீகக் கவிஞர் ரூமி என்றால் உயிர். இன்றைய துருக்கியில் உள்ள கோன்யாவில் மார்க்கக் கல்வி போதித்துக்கொண்டிருந்த ரூமி, 1244இல் ஷம்ஸ் என்ற ஞானியைச் சந்தித்த பிறகுதான் கவிதையில் கரைந்துபோனார். "அவ்வளவு படிச்சவரே மாறிட்டாரு" என்று தாதா அடிக்கடி சொல்வார்.

அவரிடம் நான் பார்த்த மாற்றம் வேறு. தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. தமிழில் பாடிய சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபுவின் பாடலை யாரோ பாடக் கேட்டுவிட்டு, தலை நரைத்த வயதில் என்னிடம் எழுத்துக் கற்றுக்கொண்டார். வரிக்கு அடியில் விரலை ஓட்டுவார்; ழ வந்தால் நிற்பார், என்னை நிமிர்ந்து பார்ப்பார். "இறைவனை மனோன்மணின்னு காதலியா வெச்சுப் பாடறாரே, இது சரியா தாதா?" என்று கேட்டேன். "இவ்ளோ நாள் பயந்து தொழுதேன். இப்பதான் ஆசையா தொழறேன்" என்றார். எனக்கு அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

பென்னாகரத்திலிருந்து:

முற்றோதலில் கண்ணீர் விட்ட அதே ஆள், வெளியே வந்து செருப்பு மாறிப்போனதற்குச் சட்டையைப் பிடித்ததையும் பார்த்திருக்கிறேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்!

மறுபடி காரிமங்கலம்:

அதுவும் நடப்பதுதான். மாணிக்கவாசகரே "கண்ணப்பன் ஒப்பதோர் அன்பின்மை கண்டபின்" என்கிறார். கண்ணையே பிடுங்கி அப்பிய அந்த வேடனின் அன்பு தன்னிடம் இல்லை என்று தெரிந்தும் இறைவன் ஆட்கொண்டான் என்பதுதான் அவர் பாட்டு. அன்பு நிறைந்தவர்கள் மட்டும்தான் பாட வேண்டும் என்றால் எங்கள் கோயிலில் மைக் செட்டுக்காரர்கூட மிஞ்ச மாட்டார்.

அது சரி, செருப்பு கடைசியில் கிடைத்ததா?