ஹியூவல் ஹவுசர் நினைவுத் திரையிடல்: பழைய விஎச்எஸ் டேப், ஒற்றை கேமரா, கைமைக் பற்றிச் சில சந்தேகங்கள்

வெயில்காலம்:

ஜனவரி 7 ஹியூவல் ஹவுசரின் நினைவு நாள். கலிஃபோர்னியா முழுக்கச் சுற்றி, மைக்கைக் கையில் பிடித்து ஆட்களோடு பேசி 'கலிஃபோர்னியாஸ் கோல்டு' என்ற டிவி நிகழ்ச்சி நடத்தியவர். 2013-இல் பாம் ஸ்பிரிங்ஸில் காலமானார். அன்று மாலை நூலக அறை ஒன்றில் ஒன்றரை மணி நேரம் அவருடைய நிகழ்ச்சிகளைப் போட்டுக் காட்ட ஏற்பாடு. கையில் 14 விஎச்எஸ் டேப் இருக்கிறது. எல்லாம் டி-120, தொண்ணூறுகளில் கேசிஇடி (லாஸ் ஏஞ்சலிஸ் பொதுத் தொலைக்காட்சி நிலையம்) ஒளிபரப்பிலிருந்து இபி வேகத்தில் பதிவானவை, அதாவது டேப்புக்கு ஆறு மணி நேரம். இரண்டு டேப்பில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது.

1. எடுத்த எடுப்பில் விசிஆரில் போடலாமா? கம்ப்யூட்டருக்கு எப்படி மாற்றுவது?

2. "தட்ஸ் அமேசிங்!" என்று அவர் வியக்கும் இடங்களை மட்டும் கோத்து ஐந்து நிமிடத் தொகுப்பாக முதலில் போடலாம் என்கிறார் குழுவில் ஒருவர். எடுபடுமா?

3. திரையிடல் முடிந்ததும் வந்தவர்கள் பேசுவதை அவர் பாணியிலேயே ஒரே கேமரா, ஒரே கைமைக் வைத்துப் பதிவு செய்ய வேண்டும். ஆளுக்கு 3 நிமிடம், 20 பேர். என்ன தேவை, எங்கே சொதப்பும்?

நாடாப்பெட்டி:

வெள்ளை படிந்த அந்த இரண்டு டேப்பையும் முதலில் மற்றவற்றிலிருந்து ஒதுக்கி, தனித்தனிப் பையில் போட்டு மூடி வையுங்கள். அது பூஞ்சை. விசிஆரில் ஓட்டினால் நாடாவைப் படிக்கும் ஹெட் டிரம்மில் ஒட்டிக்கொண்டு அடுத்துப் போடுகிற டேப்புக்கெல்லாம் ஏறிவிடும். வாயால் ஊதிப் பார்க்கவும் வேண்டாம். டேப் சுத்தம் செய்வதையே தொழிலாக வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.

மீதி 12. கேசட்டின் முதுகில் இருக்கும் பதிவுத் தாவலை உடைத்துவிடுங்கள், கை தவறிச் சிவப்புப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. குளிர்ந்த கிடங்கிலிருந்து வந்ததென்றால் ஒரு நாள் அறையிலேயே இருக்கட்டும். பிறகு கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றுங்கள். வருடக்கணக்கில் ஒரே நிலையில் கிடந்த நாடா தளர்வும் இறுக்கமுமாகச் சுற்றியிருக்கும். அப்படியே ஓட்டினால் படம் மேல்பக்கம் வளையும்.

எஸ்பி என்ற சாதாரண வேகத்தில் நாடாவில் பதிவாகும் ஒரு தடத்தின் அகலம் 58 மைக்ரான். இபியில் 19. அதனால் பதிவு செய்த விசிஆருக்கும் இப்போது ஓட்டும் விசிஆருக்கும் சின்ன வித்தியாசம் இருந்தாலே திரையில் கோடு கோடாகச் சிதறும். "விலை உயர்ந்த எஸ்-விஎச்எஸ் மெஷின் கிடைத்தது" என்று பலர் ஏமாறுவது இங்கேதான். தொழில்முறை மெஷின்களில் பல எஸ்பிக்காகவே செய்தவை, இபி டேப்பைக் கண்டால் திணறும். நல்ல நிலையில் உள்ள நாலு ஹெட் வீட்டு விசிஆர் போதும். டேப்பைப் பதிவு செய்த அதே மெஷின் கிடைத்தால் அதைவிட எதுவும் வேண்டாம். டிராக்கிங்கை, அதாவது ஹெட் தடத்தின் மேல் சரியாக ஓடும்படி வைப்பதை, ஒவ்வொரு டேப்புக்கும் கையால் சரி செய்யுங்கள்.

இணைப்பில் எஸ்-வீடியோ இருந்தால் அது, இல்லையென்றால் மஞ்சள் பின். இடையில் டைம் பேஸ் கரெக்டர் (சிக்னலின் நேரத் தடுமாற்றத்தைச் சீராக்கும் கருவி) கட்டாயம். அது கிடைக்காதபோது, பழைய டிவிடி ரெக்கார்டர் சிலவற்றின் வழியாக சிக்னலைக் கடத்தினாலும் ஓரளவு வேலை நடக்கும். இது இல்லாமல் நேரே யுஎஸ்பி கேப்சர் குச்சியில் சொருகினால், சிக்னல் தடுமாறும்போதெல்லாம் ஃப்ரேம் விழும். நொடிக்கு 29.97 ஃப்ரேம் என்பதால் பத்து ஃப்ரேம் விழுந்தாலே மூன்றில் ஒரு நொடி போய்விட்டது. அரை மணி முடிவதற்குள் ஹவுசரின் வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்.

720×480 அளவில், இன்டர்லேஸ் (ஒவ்வொரு ஃப்ரேமும் ஒன்றுவிட்ட வரிகளால் ஆன இரண்டு ஃபீல்டாக இருப்பது) கலைக்காமல் பிடியுங்கள். டிவி (DV, தொலைக்காட்சி அல்ல) என்ற கோடெக்கில், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறையில், மணிக்கு 13 ஜிபி, இழப்பில்லாத கோடெக்கில் சுமார் 30 ஜிபி ஆகும். டிவி கோடெக் நிறத் தகவலை நான்கில் ஒன்றாக வெட்டிவிடும், சிவப்புச் சட்டைகள் வழியும். திரையிடலுக்கான பிரதியில் மட்டும் இன்டர்லேஸைக் கலைத்து 59.94-ஆக்குங்கள். 29.97-ஆகக் குறைத்தால் நடந்துகொண்டே எடுத்த காட்சிகள் வெட்டி வெட்டிப் போகும், அவருடைய நிகழ்ச்சியில் பாதி அப்படிப்பட்டவைதான். ஃபீல்டு வரிசையைப் பார்த்துக்கொள்ளுங்கள்: டிவி கோடெக்கில் கீழ் ஃபீல்டு முதலில், மற்ற கேப்சர்களில் பெரும்பாலும் மேல் ஃபீல்டு முதலில். மாறிப்போனால் நடப்பவர் முன்னும் பின்னும் துடிப்பார்.

ஆரஞ்சுதோப்பு:

12 டேப் என்றால் 72 மணி நேரம். விசிஆர் அதே 72 மணி நேரம் ஓடியாக வேண்டும், குறுக்குவழி கிடையாது. ஜனவரிக்குள் அவ்வளவும் எதற்கு? ஹவுசர் 2011-இல் தன் நிகழ்ச்சித் தொகுப்பை ஆரஞ்சு நகரத்தின் சாப்மன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டார். கலிஃபோர்னியாஸ் கோல்டு எபிசோடுகள் அவர்கள் தளத்தில் இலவசமாகவே பார்க்கக் கிடைக்கின்றன, இபி டேப்பைவிடப் பல மடங்கு தெளிவாக. டேப்பில் இருக்கும் எபிசோடுகளுக்கு ஒரு பட்டியல் போட்டு, அங்கே உள்ளதை அடித்துவிடுங்கள்.

உங்கள் டேப்பின் மதிப்பு எபிசோடுகளுக்கு நடுவில்தான். நிலைய அறிவிப்பு, அடுத்த வார முன்னோட்டம், நேயர்களிடம் நன்கொடை கேட்கும் இடைவேளை போன்றவற்றை யாரும் தனியாகச் சேர்த்து வைத்திருக்க மாட்டார்கள். விளம்பரம் மாதிரி நினைத்து அவற்றை வெட்டி எறிந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, டேப் உங்களுடையது என்பதால் உரிமையும் உங்களுடையதாகிவிடாது. பொது இடத்தில் காட்ட எழுத்தில் அனுமதி கேளுங்கள். எந்த எபிசோடு, எந்தத் தேதி, எத்தனை பேர், கட்டணம் உண்டா என்ற நான்கும் கடிதத்தில் இருக்கட்டும்.

நீளஷாட்:

இரண்டாவது கேள்விக்கு: வேண்டாம்.

"அமேசிங்" தொகுப்பு அவரைக் கேலிக்குரியவராக ஆக்கிவிடும். நகைச்சுவை நடிகர்கள் அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவரைப் போல மிமிக்ரி செய்தார்கள். அந்த வியப்பு எப்போதும் ஒரு பதிலுக்கு மறுமொழியாக வரும். எதிரில் இருப்பவர் சொன்னதை ஹவுசர் ஒருமுறை தானே திருப்பிச் சொல்வார், கேட்டது சரிதானா என்பது போல. அப்புறம்தான் "அமேசிங்". முன்னால் உள்ள நாற்பது நொடியை வெட்டிவிட்டால் மிஞ்சுவது டென்னிசி உச்சரிப்பில் கத்தும் ஓர் ஆள் மட்டுமே. (பெயரும் அங்கத்தியதுதான். அப்பா ஹெரால்டு, அம்மா ஜுவெல், இரண்டையும் சேர்த்து ஹியூவல்.)

பதிலாக முழுசாக மூன்று துண்டு போடுங்கள், ஒவ்வொன்றும் வெட்டில்லாமல். ஒன்று நிச்சயம் நீட்டா என்ற யானை. சர்க்கஸிலிருந்து ஓய்வு பெற்று சான் டியாகோ வனவிலங்குப் பூங்காவில் இருந்த அதை, 15 ஆண்டு கழித்துப் பழைய பயிற்சியாளர் பார்க்க வருகிறார். தூரத்திலிருந்து அவர் கூப்பிடுகிறார், யானை வருகிறது. எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் ஹவுசர் அங்கே எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறார் என்று கவனியுங்கள். இரண்டாவதாக, கோல்டன் கேட் பாலம் மாதிரி எல்லாருக்கும் தெரிந்த இடம். மூன்றாவது, யாருக்கும் தெரியாத ஒரு சின்ன ஊர். கலிஃபோர்னியாவின் 58 கவுண்டியையும் (மாவட்டம் மாதிரி) காட்டியவர் அவர், லாஸ் ஏஞ்சலிஸோடு நிறுத்திவிட்டால் பாதி ஹவுசர்தான்.

மொத்தம் 65 நிமிடத்துக்குள் அடக்குங்கள். இடையில் பேச்சாளர் வேண்டாம். 20 பேருக்கு ஆளுக்கு 3 நிமிடம் என்பதே ஒரு மணி நேரம், அது ஒன்றரை மணிக்குள் அடங்காது. அந்தப் பதிவுக்கு அறையைத் தனியாகக் கேட்டு வையுங்கள்.

மைக்கேபிள்:

மூன்றாவதற்கு வருகிறேன். சட்டையில் குத்தும் மைக்கை விட்டுவிடுங்கள். ஆள் மாறும்போதெல்லாம் மாட்டிக் கழற்ற இரண்டு நிமிடம், 20 பேருக்கு 40 நிமிடம் அதிலேயே போகும். செய்தியாளர்கள் பிடிக்கும் ஆம்னி டைனமிக் கைமைக் எடுங்கள். எல்லாப் பக்கமும் கேட்கும், கை உரசும் சத்தம் குறைவு, பேட்டரி வேண்டாம், ஃபான்டம் பவரும் (கேபிள் வழியே மைக்குக்குக் கொடுக்கும் மின்சாரம்) வேண்டாம். முன்பக்கம் மட்டும் நன்றாகக் கேட்கும் பாட்டுக் கச்சேரி கார்டியாய்டு மைக் என்றால் நுனி கொஞ்சம் திரும்பினாலே குரல் மெலியும்.

வாய்க்குக் கீழே 15 முதல் 20 செ.மீ., மார்பை ஒட்டிய சாய்வில் பிடிக்க வேண்டும். கேபிளை ஒரு வளையமாகச் சுற்றி அதே கையில் பிடியுங்கள், இல்லையென்றால் ஒவ்வோர் இழுப்பும் டொக் டொக்கென்று பதிவாகும். மைக்கை எதிராளி கையில் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்தால் மேடைப்பேச்சு தொடங்கிவிடும், வாங்கவும் முடியாது. எல்லாரும் செய்யும் தப்பு, கேள்வி முடிந்த பிறகு மைக்கை நகர்த்துவது. பதிலின் முதல் சொல் அடிபடும். கேள்வியின் கடைசிச் சொல்லில் இருக்கும்போதே மைக் கிளம்பியிருக்க வேண்டும். ஹவுசரைச் சத்தம் இல்லாமல் ஓட்டி, அந்தக் கையை மட்டும் பாருங்கள்.

தானியங்கி ஒலி அளவை அணைத்துவிடுங்கள். ஆள் யோசிக்க நிறுத்தினால் அது ஏசி இரைச்சலைத் தூக்கிக் கொண்டுவரும். உச்சம் மைனஸ் 12 டெசிபல் சுற்றி இருக்கட்டும், சிரிப்புக்கு இடம் வேண்டும்.

கேமராவில் லென்ஸின் அகலமான முனை, ஆளிடமிருந்து ஒன்றரை மீட்டருக்குள். தூரத்தில் நின்று ஜூம் செய்தால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகும். ஷட்டர் 1/60, அமெரிக்க மின்விளக்குகள் 60 ஹெர்ட்ஸ் என்பதால் சிமிட்டல் வராது. கேமராக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். ஆரம்ப ஆண்டுகளில் கேமரா பிடித்த லூயிஸ் ஃபுவெர்டேயை "லூயி, இதைப் பாரு" என்பார் ஹவுசர். அந்தச் சொல் வந்ததும் கேமரா திரும்பும். பார்ப்பவருக்கு ஏன் திரும்பியது என்று தெரியும், அதனால் வெட்டே தேவைப்படாது.

வெயில்காலம்:

நன்றி. தொகுப்பு யோசனையைக் கைவிட்டாயிற்று. ஒரு டேப்பை ஓட்டிப் பார்த்ததில் படம் பரவாயில்லை, ஆனால் பேச்சுக்கு அடியில் கரகரவென்று ஓர் ஓசை. படத்தின் அடியிலும் ஒரு பட்டை நெளிகிறது. புரொஜெக்டர் 16:9.

நாடாப்பெட்டி:

கரகரப்பு ஹை-ஃபை தடத்தினுடையது. இபி டேப்பில் டிராக்கிங் துளி விலகினாலும் வரும். முதலில் டிராக்கிங்கைத் திருகிப் பாருங்கள். போகவில்லையென்றால் ஆடியோ பொத்தானில் "நார்மல்" அல்லது "மோனோ" வையுங்கள், நாடாவின் ஓரத்தில் உள்ள சாதாரணத் தடத்துக்கு மாறிவிடும். கொஞ்சம் மந்தமாக இருக்கும், ஆனால் சீராகக் கேட்கும். முடிந்தால் இரண்டையும் பிடித்து வைத்து, கரகரப்பு உள்ள இடத்தில் மட்டும் மோனோவைப் பொருத்துங்கள்.

அடிப்பட்டை விசிஆரில் ஹெட் மாறும் இடம், பழுது இல்லை. பழைய டிவிகளில் சட்டத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது. வெட்டாமல் கடைசி எட்டு வரியைக் கறுப்பால் மூடுங்கள். புரொஜெக்டர் மெனுவில் 4:3. இழுத்து நிரப்பினால் ஹவுசர் ஏற்கெனவே அகலமான தோள்காரர், அறையையே அடைத்துக்கொள்வார்.

காது கேளாதவர் வருவார்களா? ஒளிபரப்பில் இருந்த வசன எழுத்து 21-ஆவது வரியில் டேப்பிலும் பதிவாகியிருக்கும். ஆனால் 480 வரி கேப்சர் அதைப் பெரும்பாலும் விட்டுவிடும். அந்தத் துண்டுகளுக்கு மட்டும் வசனத்தை நீங்களே தட்டச்சு செய்து ஃபைலில் சேர்க்க வேண்டியிருக்கும்.