வளர்ந்த பச்சோந்திக்குத் தீனி எவ்வளவு, பொடி எவ்வளவு? கடலூர், புதுவை அனுபவங்கள் (பேசும் ஐவரையும் அவரவர் ஊர்ப்பெயரால் குறித்திருக்கிறோம்)

லாஸ்பேட்டை:

வீட்டில் வளர்க்கும் வெளிநாட்டுப் பச்சோந்தி இனங்களான வெய்ல்ட், பாந்தர் இரண்டில், ஒரு வயது தாண்டியவற்றைப் பற்றி மட்டும் பேசுவோம். குட்டிக்குப் போட்ட மாதிரியே தினமும் வயிறு முட்டப் போடுவதுதான் நம் பக்கம் அடிக்கடி பார்க்கிற தவறு. கேட்டால், "போட்டா பிடிக்குதே" என்பார்கள். கண்ணெதிரே நகர்வதைப் பிடிப்பது பச்சோந்தியின் இயல்பு. அதை வைத்துப் பசியை அளக்க முடியாது.

வளர்ந்த ஆணுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள், நடுத்தர அளவு கிரிக்கெட் பூச்சி (சுவர்க்கோழி) 4 அல்லது 5. பெண்ணுக்கு வாரம் மூன்று முறை, 3 அல்லது 4. பூச்சியின் அகலம் பச்சோந்தியின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைத் தாண்டக் கூடாது. விளக்கு போட்டு ஒரு மணி நேரம் உடம்பு சூடேறிய பிறகு, காலையிலேயே தீனி முடிந்துவிட வேண்டும். சாயங்காலம் தின்றது செரிக்கச் சூடு கிடைக்காது.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், 1 கிராம் துல்லியமுள்ள தராசில் எடை பாருங்கள். தலைக் கொண்டையின் அடிப்பக்கம் இருபுறமும் உப்பி நின்றால் கொழுப்பு ஏறுகிறது, பூச்சியைக் குறையுங்கள். அதே இடம் குழி விழுந்து கண்ணும் உள்வாங்கினால் முதலில் தண்ணீரைக் கவனிக்க வேண்டும்.

தேவனாம்பட்டினம்:

எண்ணிக்கை சரி அண்ணே, ஆனால் அந்த அஞ்சு பூச்சியின் வயிற்றில் என்ன இருக்கிறது என்பதை யாரும் பார்ப்பதில்லை. வெறும் கிரிக்கெட்டில் சுண்ணாம்புச் சத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம். பச்சோந்திக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு: பாஸ்பரஸ் ஒரு பங்கென்றால் கால்சியம் ஒன்றரை முதல் இரண்டு பங்கு. பூச்சிமேல் தூவும் கால்சியம் பொடி பாதி வேலையைத்தான் செய்யும், மீதி பூச்சியின் வயிறு வழியாகப் போக வேண்டும்.

தீனிக்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பே பூச்சிகளுக்கு முருங்கைக்கீரை, துருவிய கேரட், மஞ்சள் பூசணி கொடுங்கள். உலர் தீனியாகக் கோதுமைத் தவிடு இரண்டு பங்கு, நிழலில் காயவைத்து அரைத்த முருங்கை இலை ஒரு பங்கு. 100 கிராம் முருங்கைக்கீரையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு, அதுவும் வீட்டு மரத்துக் கீரைக்கு ஈடில்லை. கடையில் வாங்கினால் மருந்தடித்ததாக இருக்கலாம், நன்றாக அலசுங்கள். பசலையை விட்டுவிடுங்கள், அதிலுள்ள ஆக்ஸாலிக் அமிலம் கால்சியத்தைக் கட்டிப்போடும்.

நாய் பிஸ்கெட், மீன் தீனி போட்டுக் கிரிக்கெட் வளர்ப்பவர்கள் இங்கே நிறைய. பூச்சி மளமளவென்று பெருகும், உண்மைதான். ஆனால் அந்த அளவு புரதம் பச்சோந்திக்கு யூரிக் அமிலத்தை ஏற்றி மூட்டையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

கிரிக்கெட் மட்டுமே போடாதீர்கள். டூபியா கரப்பான், பட்டுப்புழு, கருப்புப் படைவீரன் ஈயின் புழு என்று மாற்றிப் போடுங்கள். இந்த ஈப்புழுவில் மட்டும் கால்சியம் இயல்பாகவே அதிகம். சூப்பர்வோர்ம் என்ற வண்டுப்புழுவில் கொழுப்பு அதிகம், வாரம் ஒன்றோடு நிறுத்துங்கள். வீட்டுக் கரப்பான், வயல் வெட்டுக்கிளி இரண்டிலும் பூச்சிமருந்து இருக்கலாம். முருங்கைக் கம்பளிப்பூச்சியும் மின்மினியும் கிட்டவே வரக் கூடாது.

முதலியார்பேட்டை:

பொடி விஷயத்துக்கு வருகிறேன். நல்ல யுவிபி குழல்விளக்கு (உடம்பில் வைட்டமின் டி3 உருவாக உதவும் புற ஊதாக் கதிர் தருவது) இருக்கிற வளர்ந்த பச்சோந்திக்கு: ஒவ்வொரு தீனிக்கும் டி3 கலக்காத வெறும் கால்சியம் கார்பனேட். மாதத்தில் இரண்டு நாள் அதற்குப் பதில் டி3 உள்ள கால்சியம். வேறு இரண்டு நாள் மல்டிவைட்டமின். டி3-யும் மல்டிவைட்டமினும் ஒரே டப்பாவில் வந்தால் மாதம் இரண்டு முறை அது ஒன்றே போதும். இந்த நாட்களைக் காலண்டரில் குறித்துவிடுங்கள், ஞாபகத்தை நம்பினால் இரட்டிப்பாகிவிடும்.

உலர்ந்த பிளாஸ்டிக் டம்ளரில் அன்றைய பூச்சிகளைப் போட்டு, ஒரு சிட்டிகை பொடி தூவி, ஒரு சுற்றுச் சுற்றினால் ஆயிற்று. பூச்சி திருநீறு பூசின மாதிரி மெல்லிசாகத் தெரிய வேண்டும், பஜ்ஜி மாவில் தோய்த்த மாதிரி இருந்தால் பச்சோந்தி ஒருமுறை வாயில் வைத்துவிட்டு மறுமுறை தொடாது. தூவிய உடனே கொடுங்கள், கிரிக்கெட் தன் உடம்பைத் தானே துடைத்துக்கொள்ளும்.

டி3 கொழுப்பில் கரையும் வைட்டமின், மிஞ்சினது உடம்பிலேயே தங்கும். கழுத்துக்குக் கீழே நீர் கோத்தாற்போல வீங்கி, இரண்டொரு நாளில் வடிந்து, மறுபடி வீங்கினால் டி3-யையும் வைட்டமின் ஏ-யையும் அளவு மீறிக் கொடுத்தீர்களா என்று முதலில் பாருங்கள். இதற்கு மேல் போனால் இரத்தக் குழாயிலும் சிறுநீரகத்திலும் சுண்ணாம்பு படியும், அதைத் திருப்ப முடியாது. மனிதர்களுக்கான கால்சியம் மாத்திரையை நசுக்கிப் போடுவதை இன்றே நிறுத்துங்கள். பெரும்பாலானவற்றில் டி3 கலந்தே வருகிறது.

குறைந்தாலும் ஆபத்துதான். கிளையைப் பிடிக்கும் கால் நடுங்குவது, முன்னங்கால் வில்லாக வளைவது, நாக்கைப் பாதி நீட்டி நிறுத்திவிடுவது, இதெல்லாம் கால்சியம் எலும்பில் சேரவில்லை என்பதற்கு அடையாளம். அந்த நேரத்தில் பொடியை அள்ளிக் கொட்டாமல், யுவிபி விளக்கு வாங்கி எத்தனை மாதம் ஆச்சு என்று கேளுங்கள். எரிந்துகொண்டே இருந்தாலும் 12 மாதத்துக்குள் மாற்றிவிடுவது நல்லது.

கடலூர் முதுநகர்:

கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓடு, அதாவது கடல்நுரை, வெறும் கால்சியம் கார்பனேட் என்பதால் நம் ஊரில் சிலர் அரைத்துப் போடுகிறார்கள். போடலாம். ஆனால் தினமும் நீர் மாற்றி நாலைந்து நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து உப்பெடுத்து, காயவைத்து, அரைத்து, துணியில் சலிக்க வேண்டும். நறநறப்பாக இருந்தால் பூச்சிமேல் ஒட்டாது. வெற்றிலைச் சுண்ணாம்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஹைட்ராக்சைடு, வாயையும் நாக்கையும் அரித்துவிடும்.

தண்ணீர்: மெடிக்கலில் கிடைக்கும் டிரிப் செட்டை ஒரு பாட்டிலில் மாட்டி, சொட்டு இலைமேல் விழும்படி வையுங்கள். கிண்ணத்துத் தண்ணீரைப் பச்சோந்தி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. போர் தண்ணீர் உப்பென்றால் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள். எச்சத்தோடு வரும் யூரிக் அமிலக் கட்டி வெள்ளையாக இருந்தால் தண்ணீர் போதுமானது, அடர் ஆரஞ்சு என்றால் பற்றவில்லை.

காலை வெயில் இலவச யுவிபி. கம்பிவலைக் கூண்டில், பாதி நிழலோடு, 9 மணிக்குள் 20 நிமிடம். கண்ணாடித் தொட்டியில் வைத்தால் யுவிபி உள்ளே வராது, சூடு மட்டும் ஏறும். அக்னி நட்சத்திரத்தில் இதையும் தவிர்த்து, தீனியை ஏழரைக்குள் முடியுங்கள்.

இன்னொன்று. முந்திரித் தோப்பிலும் சவுக்குத் தோப்பிலும் கண்ணில் படும் நம் நாட்டுப் பச்சோந்தியை எடுத்து வளர்ப்பது 1972 வனஉயிரினச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு இனம் வைத்திருப்பவர்கள் 2024 விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

அரியாங்குப்பம்:

பெண் வெய்ல்டுக்கு அளவு குறைப்பதன் காரணத்தையும் சொல்ல வேண்டும். ஆண் இல்லாவிட்டாலும் அது முட்டை வைக்கும். தீனியும் சூடும் எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு முட்டை உருவாகும், அத்தனைக்கும் ஓட்டுக்கான சுண்ணாம்பு அதன் எலும்பிலிருந்துதான் போகும். முட்டை அடைத்துக்கொண்டு சாவது இப்படித்தான். விளக்கடியில் சூடு காயும் இடம் 27 டிகிரியைச் சுற்றியே இருக்கட்டும். வயிறு கனத்து, கூண்டின் தரையில் அலைய ஆரம்பித்தால் 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஈர மணல் வைத்து, எட்டிப் பார்க்காமல் தனியே விடுங்கள். முட்டை வைத்த பின் சில நாள் தினமும் சின்னப் பூச்சியாக, கால்சியத்தோடு, நிறையத் தண்ணீரும்.

வெய்ல்ட் இலையும் தின்னும் என்பதால் கூண்டில் செம்பருத்தி வைக்கலாம், பூவையும் விரும்பித் தின்னும். அரளி அருகில்கூட வேண்டாம்.

லாஸ்பேட்டை:

அக்கா சொன்னதோடு மழைக்காலத்தையும் சேர்த்துக்கொள்வோம். ஐப்பசி, கார்த்திகையில் பொடி காற்றின் ஈரத்தில் கட்டி தட்டும். ஒரு மாதத்துக்கானதை மட்டும் சின்ன டப்பாவில் எடுத்து, சிலிக்கா பொட்டலம் போட்டு மூடி வையுங்கள். கிரிக்கெட் பெட்டியில் கேரட் ஒரே ராத்திரியில் பூஞ்சை பிடிக்கும், காலை மாலை மாற்றுங்கள்.

2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது போல மின்சாரம் போய்விட்டால், தீனியை நிறுத்துங்கள். சூடில்லாமல் தின்றது வயிற்றிலேயே அழுகும். நல்ல உடம்புள்ள வளர்ந்த பச்சோந்தி சில நாள் பட்டினி தாங்கும், தண்ணீர் மட்டும் தினமும் வேண்டும். மின்சாரம் வந்த அன்று விளக்கை மட்டும் போட்டு, மறுநாள் காலை சின்னப் பூச்சி இரண்டு. கூண்டில் தின்னாமல் மிஞ்சிய கிரிக்கெட்டை இரவுக்குள் எடுத்துவிடுங்கள், தூங்கும் பச்சோந்தியை அது கடிக்கும்.