கிறிஸ்துமஸ் லீவில் பாரிஸ், சூரிக் நண்பர்கள் வீட்டுக்குப் போகிறோம், எத்தனை நாள் தங்குவது?

நெக்கர்கரை (ஸ்டுட்கார்ட்)

வணக்கம். இங்கே வந்து 3 வருஷம் ஆகிறது. நான், மனைவி, 4 வயதுப் பையன். டிசம்பர் 20 முதல் ஜனவரி 4 வரை லீவு. ஊருக்குப் போக இந்த முறை டிக்கெட் விலை கட்டுப்படியாகவில்லை, அதனால் திருச்சியில் என்னோடு ஒரே ஹாஸ்டல் அறையில் இருந்த இரண்டு பேரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று முடிவு செய்தோம். ஒருவன் பாரிஸில், இன்னொருவன் சூரிக்கில். இரண்டு பேருமே "வீடு இருக்கும்போது ஹோட்டல் எதுக்குடா, ஒரு வாரம் இரு" என்கிறார்கள்.

தயக்கம் என்னவென்றால், போன ஈஸ்டருக்கு பெல்ஜியத்தில் இருந்த ஒரு குடும்பம் எங்கள் வீட்டில் 9 நாள் தங்கியது. படுக்கையறை ஒன்றே ஒன்று. மனைவி வேலை முடிந்து ஆறு மணிக்கு வந்து ஏழு பேருக்குச் சமைப்பாள். ஐந்தாம் நாள் ராத்திரி பையன் தலையணையை எடுத்துக்கொண்டு போய் தன் கட்டில் பக்கத்தில் நின்று அழுதான், அதில் அவர்கள் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் தப்பு செய்யவில்லை, நல்ல மனுஷர்கள். ஆனால் அதற்கப்புறம் போன் பேச்சு குறைந்துவிட்டது, அது இன்னும் உறுத்துகிறது. இந்த இரண்டு பேரிடமும் அப்படி ஆகிவிடக் கூடாது. நீங்கள் எல்லாம் எப்படிச் செய்கிறீர்கள்?

அப்புறம், ஜெர்மன் ரெசிடென்ஸ் கார்டு இரண்டு நாட்டுக்கும் போதும்தானே? லண்டனிலும் ஒருவன் கூப்பிடுகிறான்.

சில்பாதை (சூரிக்)

கார்டு போதும், ஆனால் பாஸ்போர்ட்டும் கையில் இருக்க வேண்டும், பையனுடையதும் சேர்த்து. எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள் வரை மற்ற ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவை ஏற்கும் ஐரோப்பிய நாடுகள்) இருக்கலாம், ஸ்விட்சர்லாந்தும் அதில்தான் வருகிறது. லண்டன் ஷெங்கனில் இல்லை, இந்திய பாஸ்போர்ட்டுக்குத் தனி விசா வேண்டும், அதை இந்த டிசம்பர் கணக்கில் சேர்க்காதீர்கள். காரில் வருவதாக இருந்தால் அடுத்த வருஷத்து விக்னெட்டை (இங்கே நெடுஞ்சாலையில் ஓட்டுவதற்கான கட்டண ஸ்டிக்கர்) வாங்குங்கள். 40 பிராங்க், டிசம்பர் 1 முதலே செல்லும். இறைச்சி கொண்டுவந்தால் வரி இல்லாமல் ஆளுக்கு ஒரு கிலோதான்.

தங்குவதைப் பற்றி. இங்கே நிறைய அபார்ட்மெண்ட்களில் வாஷிங் மெஷின் கீழ்த்தளத்தில் பொதுவாக இருக்கும், வீட்டுக்கு இன்ன நாள் என்று முறை வைத்திருப்பார்கள். விருந்தாளி அழுக்குத் துணியோடு வந்து இறங்கினால் பாவம் அந்த வீட்டுக்காரர் அக்கம்பக்கத்தில் கெஞ்ச வேண்டும். ராத்திரி 10 மணிக்கு மேல் சத்தம் போடக் கூடாது, குழந்தை ஓடினாலும் கீழ்வீட்டுக்குக் கேட்கும். நண்பர் இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல மாட்டார், நீங்களே கேட்டுவிடுங்கள்.

எங்கள் வீட்டுக்கு மியூனிக்கிலிருந்து ஒரு ஜோடி வந்தார்கள். மாவு அரைத்து டப்பாவில் கொண்டுவந்து, மறுநாள் காலையில் நான் எழுந்து வருவதற்குள் இட்லி ஊற்றிவிட்டாள் அந்தப் பெண். என்னை உட்காரவைத்துப் பரிமாறினாள். கல்யாணமாகி இங்கே வந்த 11 வருஷத்தில் என் வீட்டில் இன்னொருவர் கையால் சுடச்சுடச் சாப்பிட்டது அன்றைக்குத்தான். அவர்கள் ஒரு மாதம் இருந்திருந்தாலும் எனக்குச் சம்மதம்.

லாச்சப்பல் வாசி (பாரிஸ்)

தம்பி, நான் யாழ்ப்பாணம், இங்க 30 வருஷத்துக்கு மேல. ஒண்டு கேக்கிறன், லீவு உங்களுக்கு, அவருக்கு இருக்கோ எண்டு கேட்டனீங்களோ? ஜெர்மனியில 26ஆம் திகதியும் விடுமுறை, பாரிஸில 25 மட்டும்தான். 26 காலமை அவர் வேலைக்கு ஓட வேணும், நீங்கள் அவற்ற ஹோலில படுத்திருப்பியள். வீடுகளும் இங்க சின்னன்.

நான் சொல்லுறது, படுக்கைக்கு கார் து லெஸ்ட் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஹோட்டல் எடுங்கோ. உங்கட ரயில் அங்கதான் வந்து நிக்கும், எங்கட தமிழ் ஆக்களின்ர கடைத்தெரு லாச்சப்பலுக்கு நடந்தே வரலாம், எங்கட கடையள், மாணிக்கப் பிள்ளையார் கோயில் எல்லாம் கிட்ட. பின்னேரம் அவர் வேலையால வந்தாப் பிறகு போய் வடிவா இருந்து கதையுங்கோ, சாப்பிடுங்கோ. எனக்கு வந்த ஆக்களில ஆகலும் சந்தோஷமாப் போனவை அப்பிடி வந்தவைதான்.

மழைக்குருவி (லியோன்)

அண்ணன் சொன்னதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது சொந்தபந்தம் எல்லாம் பக்கத்துத் தெருவில் இருக்கிற ஊருக்குச் சொன்னது. இங்கே நமக்கு யார் இருக்கிறார்கள்? என் அப்பா இறந்த செய்தி வந்த ராத்திரி, ஜெனீவாவில் இருந்த நண்பன் காரை எடுத்துக்கொண்டு நேராக வந்தான், எனக்கு விமானம் கிடைக்கிற வரை இரண்டு நாள் என் பக்கத்திலேயே தரையில் படுத்திருந்தான். ஒரே கூரைக்குக் கீழே தூங்கி எழுந்தால்தான் சில பேச்சு வரும். ஹாஸ்டல் நண்பன் என்கிறீர்கள், ஒரு ராத்திரியாவது அவன் வீட்டில் பாய் விரித்துப் படுங்கள். ஆனால் என்றைக்குக் கிளம்புகிறீர்கள் என்பதை டிக்கெட்டோடு முன்னாடியே சொல்லிவிடுங்கள், அது தெரியாமல் இருப்பதுதான் வீட்டுக்காரர்களுக்குக் கஷ்டம்.

நெக்கர்கரை

எல்லாருக்கும் நன்றி. லாச்சப்பல் அண்ணா, கேட்டேன், நீங்கள் சொன்னதுதான் சரி, அவனுக்கு 26, 29, 30 மூன்று நாளும் ஆபீஸ். சொல்லக் கூச்சப்பட்டிருக்கிறான். அதனால் சூரிக் 21 முதல் 24 வரை அவன் வீட்டிலேயே, துணி எல்லாம் இங்கேயே துவைத்துவிடுகிறோம். பாரிஸுக்கு 27 சனிக்கிழமை போய் அன்று ராத்திரி அவன் வீடு, அப்புறம் இரண்டு ராத்திரி ஹோட்டல். மனைவி மாவுக்கு இப்போதே டப்பா பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்று. அந்த ஈஸ்டர் குடும்பம் வேலை மாறி இப்போது கார்ல்ஸ்ரூவில் இருக்கிறது. பாரிஸ் ரயில் அங்கே நிற்கும். திரும்பும்போது இறங்கி மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் வீட்டுக்குப் போகலாமா என்று நேற்று மனைவிதான் கேட்டாள். போன் போட்டேன், எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடி போடுகிறேன்.