புதுப்பிப்பு: 350 டிகிரி காட்டியும் ஈயம் உருகாத சால்டரிங் ஸ்டேஷன்

போன வாரம் கேட்டிருந்தேன்: 936 வகை சால்டரிங் ஸ்டேஷன் (சூட்டை அளவு வைத்துப் பற்றவைக்கும் கருவி), திரையில் 350 டிகிரி, ஆனால் சர்க்யூட் போர்டின் கிரவுண்ட் பகுதியில் (சூட்டை இழுத்துக்கொள்ளும் அகலமான செம்புப் பரப்பு) பற்றவைக்கும் ஈயம் உருகவே மாட்டேன் என்கிறது. ஹீட்டரை மாற்றச் சொன்னவர்களே அதிகம். அதற்கு அவசியம் வரவில்லை.

நன்றாக ஆறவிட்டு, நட்டைக் கழற்றி பிட்டை (ஹீட்டர் மேல் உறைபோல் செருகியிருக்கும், ஈயத்தை உருக்கும் முனைத் துண்டு) உருவினேன். உள்ளிருந்து கறுப்புத் தூள் கொட்டியது. இந்த வகையில் வெப்ப உணரி பீங்கான் ஹீட்டருக்குள்ளேயே இருக்கிறது, பிட்டின் முனையில் இல்லை. இடையில் தூள் அடைத்தாலோ பிட் தளர்ந்தாலோ திரை காட்டுவது ஹீட்டரின் சூட்டை மட்டும்தான். முனை அதைவிடக் குறைவாகவே சுடும். தூளைத் தட்டித் துடைத்து, பிட்டை முழுக்கச் செருகி, நட்டைக் கையாலேயே இறுக்கினேன். குறடு போட்டு முறுக்காதீர்கள், உள்ளே இருப்பது பீங்கான்.

அப்புறம் கூர்முனைக்குப் பதில் உளிமுனை போட்டேன். அதுதான் பெரிய வித்தியாசம். இப்போது 330-லேயே 63/37 ஈயம் (63% வெள்ளீயம், 37% காரீயம்) கிரவுண்டில் பளபளவென்று பரவுகிறது.

உப்புத்தாளால் தேய்க்கச் சொன்ன நண்பர்களே, தயவுசெய்து வேண்டாம். செம்பின் மேலுள்ள இரும்புப் பூச்சு போய்விட்டால் உருகிய ஈயமே பிட்டை அரித்துத் தின்றுவிடும். பித்தளைச் சுருளில் துடையுங்கள். அணைக்கும் முன் முனையில் கொஞ்சம் ஈயம் பூசிவிடுங்கள், போதும்.